பழனிக்குப் போன சபாபதி

என் அப்பா மாசிலாமணியைக் கொன்றுவிட்டார்கள். கொன்றதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அநியாயம் அதுதான் அக்கா. சாகடித்ததைக்கூட மன்னித்துவிடலாம். சொல்லாமல் சாகடித்ததை எப்படி மன்னிப்பது?

கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இப்படிப் பார்க்காதீர்கள். சற்று முன்னால் ஜன்னல் வழியாக எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனவர் ஆவி இல்லை. அவர்தான் என் அப்பா. நீங்கள் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசிலை விழுங்கப் பார்த்தார். "ஐயோ, சபாபதி ஐயா! அவருதான் எறந்துட்டாரே!" என்றீர்கள். பரவாயில்லை, நீங்கள் முதல் ஆள் இல்லை. எங்கே இறங்க வேண்டும்? திருச்சியா? நானும் திருச்சிதான், யுனிவர்சிட்டி ஹாஸ்டல். அப்படியானால் நிதானமாகவே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஏனென்றால் நீங்களும் அழுதிருக்கிறீர்கள். அழுதீர்கள்தானே? சொன்னேனே.

நான் அரசியல் அறிவியல் எம்.ஏ., இரண்டாம் வருடம். சீரியல் பார்ப்பதில்லை. அது என் கொள்கை. சீரியல் எப்படிப் பெண்களை முட்டாளாக்குகிறது என்று பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். பார்க்காமல் எப்படி எழுதினாய் என்று கேட்காதீர்கள். விஷத்தைக் குடித்துப் பார்த்துத்தான் எழுத வேண்டுமா?

அப்பா சினிமாவுக்கு வந்து முப்பத்து நான்கு வருடம். நூற்று முப்பது படத்துக்கு மேல் இருக்கும். ஒன்றிலாவது அவருக்குப் பெயர் இருந்ததா? வில்லன் 'ஏய்' என்று கூப்பிட்டு வேலை சொல்வான். கதாநாயகன் 'டேய்' என்று கூப்பிட்டு அடிப்பான். அவ்வளவுதான். கடையில் பார்க்கிறவர்கள், "சார், உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே, மின்சார வாரியமா?" என்பார்கள். நாற்பத்து மூன்று படங்களில் செத்திருக்கிறார். கத்தி, துப்பாக்கி, தூக்கு, கிணறு, லாரி. ஒரு படத்தில் முதலை.

சாகிற காட்சிக்கென்று அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, தெரியுமா? பிணமாகப் படுத்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அப்போதுதான் அந்தச் சாவு கழியுமாம். நாற்பத்து மூன்று தடவையும் அப்பா எழுந்து சிரித்திருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் வழக்கம் என்று ஒன்றை வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டுமா இல்லையா? எங்கப்பாவை இந்தத் தடவை சிரிக்கச் சொன்னது யார்?

எட்டாம் வகுப்பில் பெற்றோர் கூட்டம். அப்பா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தின வாரம்தான் டிவியில் ஒரு படம்; அதில் கதாநாயகியின் தங்கையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். பக்கத்திலிருந்த ஓர் அம்மா தன் பெண்ணை வெடுக்கென்று இழுத்து அந்தப் பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். அப்பா எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். அதற்கப்புறம் ஒரு நாளும் நான் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லவில்லை. காலேஜுக்கும் சொல்லவில்லை. அவருடைய மரியாதையைக் காப்பாற்றத்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தொன்பது வயதில் சபாபதி கிடைத்தார். நாலு பெண்களைப் பெற்ற, குரலை உயர்த்தாத, வேட்டியை மடித்துக் கட்டத் தெரியாத நல்ல மனுஷன். ஏழரை மணி சீரியல். அறுநூற்றுச் சொச்சம் எபிசோடு. ரேஷன் கடை வரிசையில் பெண்கள், "அப்பா, நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட ஆரம்பித்தார்கள். முப்பது வருடமாகப் பெண்கள் விலகி நடந்த மனுஷன் அவர். அன்றைக்கு வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சந்தோஷத்தில் சர்க்கரை வாங்க மறந்துவிட்டாராம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குக் குடலிறக்கம் முற்றிவிட்டது. ஆபரேஷன். சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாரா? இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் ஃபெலிக்ஸிடம் முன்கூட்டியே முறையாகச் சொன்னார். அந்த ஆள் போனில் பேசியது எனக்கே கேட்டது: "கவலைப்படாதீங்கண்ணே. சபாபதியைப் பழனிக்குப் பாதயாத்திரை அனுப்பிடறேன். உங்களுக்குப் பன்னிரண்டு நாள் போதும்ல?"

ஆள் வரவில்லை என்றால் சாமி கும்பிட அனுப்புவது அவர்கள் தொழிலில் லீவு லெட்டர் மாதிரி. சரி, நடந்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருமகள் கோலம் போடும்போது, "மாமா இப்ப மேல்மருவத்தூர் தாண்டியிருப்பாரு" என்பாளாம். அடுத்த வாரம், "விழுப்புரம்." இங்கே தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் இன்னும் இருபது நாள் என்றுவிட்டார். ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "டாக்டர், எப்ப ஷூட்டிங் போகலாம்?" டாக்டர், "நடக்க ஆரம்பிங்க, பார்க்கலாம்" என்பார். அப்பா, "அங்கே நடந்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்கள் வார்டு, பதினோராம் நம்பர் கட்டில். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் டிவி. சீரியலில் போன் அடிக்கிறது. சபாபதியின் பெண்டாட்டி எடுக்கிறாள். "என்னங்க!" என்று ஒரு அலறல். அவள் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். விளம்பரம். முடிந்து வந்தால், சுவரில் அப்பா. மாலை, குங்குமம், கீழே காமாட்சி விளக்கு.

வார்டே திரும்பிப் பதினோராம் நம்பரைப் பார்த்தது அக்கா. துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மா, "ஐயா… நீங்க…" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பதாம் நம்பர் தாத்தாவின் மகள் நிஜமாகவே அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா என்ன கேட்டார் தெரியுமா? "எந்த போட்டோம்மா அது? கண்ணாடி போட்டதா, போடாததா?"

"அப்பா! உங்களைக் கொன்னுட்டாங்க!"

"அது தெரியுது. எப்படின்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லாரியா, மாரடைப்பா, பாம்பா, ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று படத்தில் விதவிதமாகச் செத்த மனுஷனுக்கு ஒரு காரணம்கூடக் கிடையாது. அப்பா, "சொல்லலையா? அப்படியா?" என்று ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு திருப்தி. மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வந்தவாசியிலிருந்து சித்தப்பா ரோஜா மாலையோடு வந்து நிற்கிறார். ஆபரேஷன் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி டிவியைப் பார்த்துவிட்டுப் போய், "உங்கண்ணன் போயிட்டாரு" என்றிருக்கிறாள். அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். "வாடா. மாலை யாருக்கு?" சித்தப்பா மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பிள்ளையாருக்கு" என்றார். வார்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிற தொழிலாளியின் முகத்தை, அவர் சம்மதம் இல்லாமல், பிணமாக்கிச் சுவரில் மாட்டலாமா? இந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். நீங்கள் சொல்லுங்கள். இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே ஷூட்டிங் வீட்டுக்குப் போய்விட்டேன். சாலிகிராமத்தில் ஒரு மாடி வீடு. ஹாலில் நுழைந்ததும் எதிரே அப்பா. இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் மாலை.

"தங்கச்சி, சாப்பிட்டியா?" என்றார் ஃபெலிக்ஸ்.

"சாப்பாடு இருக்கட்டும். யாரைக் கேட்டு மாலை போட்டீங்க?"

"கதைக்குத்தானேம்மா போட்டோம்."

"கதைக்குப் போட்டா கதை கழுத்துல போடுங்க. எங்கப்பா கழுத்துல ஏன் போட்டீங்க?"

"மெதுவா பேசும்மா, உள்ளே டேக் போயிட்டிருக்கு. அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"அவர்தான் செத்துட்டாரே, உடம்பு எப்படி இருக்கும்? சரி, எப்படிச் செத்தார்? அதையாவது சொல்லுங்க."

"அதை இன்னும் வைக்கலை."

"வைக்கலையா? ஒரு மனுஷன் எப்படிச் செத்தான்னுகூட யோசிக்காம கொல்லுவீங்களா?"

அந்த ஆள் என்னைப் படிக்கட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்: "தங்கச்சி, போட்டோ சுவர்ல இருக்கிற வரைக்கும் ஆள் செட்டுல இருக்கார்னு அர்த்தம். அண்ணனுக்குத் தெரியும், போய்க் கேட்டுப் பாரு. பத்து நாள் பொறு. வாயைத் தொறக்காதே."

வாயைத் திறக்காதே! என்னிடம்! மூன்று வருடம் தொடர்ந்து விவாத மேடையில் கோப்பை வாங்கியவளிடம்! ஆசை காட்டி வாயை அடைப்பது என்பது இதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. செல்போனை எடுத்தேன், நேரலையைத் தட்டினேன். போட்டோவுக்கு முன்னால் நின்று ஒன்பது நிமிடம் பேசினேன். உழைப்பு, முகம், சம்மதம், சட்டம், ஒன்றையும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டுக்குள் வந்துவிட்டார்கள். "அதானே, பாவம், உயிரோட இருக்கிறவருக்கு!" என்றாள் ஒருத்தி. இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கவில்லையா? அனுப்புகிறேன், நம்பர் கொடுங்கள்.

டைரக்டர் வெளியே வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "கழட்டுங்கய்யா. முதல்ல அதைக் கழட்டிக் குடுத்து அனுப்புங்க." லைட்மேன் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். ஃபெலிக்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மடியில் அப்பாவின் படத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அப்பா வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எப்படி உங்கிட்ட?"

"கழட்ட வெச்சேன்ப்பா."

"டைரக்டர் சொன்னாரா?"

"என் கண்ணு முன்னாடியே சொன்னார். நடுங்கிட்டாங்க."

"ஃபெலிக்ஸ் ஒண்ணும் சொல்லலியா?"

"பத்து நாள் பொறுன்னான். நான் விடுவேனா?"

அப்பா படத்தை வாங்கித் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். உணர்ச்சிவசப்பட்டால் அவருக்கு வார்த்தை வராது. அம்மா தோசைக்குக் கூப்பிட்டதும், "பசியில்லை" என்றுவிட்டார். முப்பத்து நான்கு வருடத்தில் அவருக்காகச் சண்டை போட்ட முதல் ஆள் நான்தான் அக்கா. பசி எப்படி இருக்கும்?

இப்போது வருகிறது பாருங்கள் அயோக்கியத்தனம். நாலே நாள். ஏழரை மணிக்கு அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிறாள். ஓடிப் போய்ப் பார்த்தால் டிவியில் எழுத்து ஓடுகிறது: 'சபாபதி – இனி இவருக்குப் பதில் இவர்.' அதே சுவர், அதே மாலை, அதே விளக்கு. உள்ளே வேறு ஆள். அப்பாவோடு நாடகக் காலத்திலிருந்து நடிக்கிற தாமோதரன் மாமா!

நடிக்கிறவருக்குப் பதில் ஆள் போடுவது எனக்கும் தெரியும். செத்தவருக்குப் பதில் செத்தவர் போடுவதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்த வீட்டில் ஒருத்தியாவது, "இது எங்கப்பா இல்லையே" என்றாளா? நாலு பெண்களும் வரிசையாக நின்று அந்தப் படத்தைப் பார்த்து அழுகிறார்கள். பெண்டாட்டியும் அழுகிறாள். நீங்களும் அழுதிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். சபாபதி சும்மா சாகவில்லையாம். பழனி போகிற வழியில் யாரோ கொன்றுவிட்டார்களாம். ஏன் கொன்றார்கள் என்று பழைய கதை ஆரம்பம். சபாபதிக்குத் தலைக்குச் சாயம் அடித்து, இளவட்டமாக்கி, காதல், பங்காளிச் சண்டை, கோர்ட்டு. ஐம்பது எபிசோடுக்குக் குறையாதாம். போஸ்டரில் சபாபதி முகம்தான் பெரிது. போஸ்டர் அக்கா! எங்கப்பா முப்பத்து நான்கு வருடமாகப் போஸ்டரில் வந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை வந்தார், ஒரு லாரிச் சக்கரத்துக்குக் கீழே.

என்ன சொன்னீர்கள்? "அவரும் நல்லாத்தான் பண்றாரு" என்றா? நன்றாகப் பண்ணாமல் என்ன? யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள்.

தாமோதரன் மாமா சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி நின்றார்.

"வாடா, உள்ள வா. செத்தவன் வாசல்ல நிக்கக் கூடாது" என்றார் அப்பா.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஃபெலிக்ஸ் கூப்பிட்டான். வெறும் போட்டோதான்னு போனேன். அங்க போனப்புறம்தான் இவ்வளவு கதை இருக்குன்னு தெரியும். உங்களுக்குன்னு எழுதினதாண்ணே இது. நீங்க எழுந்து வரட்டும்னுதான் பத்து நாளைக்குப் போட்டோவை மாட்டி வெச்சிருந்தாங்களாம்."

"பொய்" என்றேன் நான். "சமாளிக்கறதுக்கு இப்பச் சொல்றாங்க."

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் சாத்துக்குடியைப் பார்த்தார். அப்பா, "அதை விடுடா" என்றார். "நீ கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசற. சபாபதி கழட்ட மாட்டான். நெத்திக்கு ஏத்திட்டுத்தான் பேசுவான். அப்புறம் வேட்டி. நீ மடிச்சுக் கட்டற. அவனுக்குக் கட்டத் தெரியாது. ஒரு முனை நழுவணும்." வயிற்றுப் பெல்ட்டோடு எழுந்து நின்று நழுவவிட்டுக் காட்டினார். மாமா இரண்டு தடவை செய்து பார்த்தார். "இன்னும் லேட்டா பிடி. பொண்ணுங்க சிரிச்சப்புறம் பிடி," என்று அப்பா திருத்துகிறார். திருடு கொடுத்தவரே திருடனுக்கு விளக்குப் பிடிக்கிறார்! நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஃபெலிக்ஸ் மேல் இருக்கிறது, டைரக்டர் மேல் இருக்கிறது, இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்களே, அவர்கள் மேல் இருக்கிறது. எல்லோரையும் விட அப்பா மேல்தான் இருக்கிறது. தினமும் ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து தாமோதரன் மாமாவின் வாயோடு வாயாகத் தானும் வசனத்தை முணுமுணுக்கிறார். தையல் பிரித்தாயிற்று. தெருவில் இரண்டு சுற்று நடக்கிறார். போன் அடித்தால் முதலில் எடுப்பவர் அவர்தான். எல்லாம் காஸ் கம்பெனியும் சித்தப்பாவும். அந்த வீடியோவுக்கு அப்புறம் வேறு கம்பெனிக்காரர்களும் கூப்பிடுவதில்லை. மாசிலாமணியைப் போட்டால் பெண் செல்போனோடு வந்துவிடும் என்று பேச்சாம். பார்த்தீர்களா, எவ்வளவு பயந்திருக்கிறார்கள்! ஏன் அப்படித் தலையாட்டுகிறீர்கள்? ஃபெலிக்ஸும் இப்படித்தான் ஆட்டினார்.

நான் விடுவதாக இல்லை. ஐந்து பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். நடிகர் சங்கத்துக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு ஒன்று, மகளிர் ஆணையத்துக்கு ஒன்று. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்த வீட்டில் நாலு பெண்களை வேறு ஒரு ஆளை அப்பா என்று சொல்லவைக்கிறார்களே, அது சம்பந்தம் இல்லையா? அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பத்து நாளாக, "பார்க்கலாம்மா", "வைம்மா", "கண்ணாடி எங்கேன்னு தெரியலை."

இன்றைக்குக் காலையில் பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் மனுவையும் பேனாவையும் வைத்தேன். கண்ணாடியை நானே தேடி எடுத்து மூக்கில் மாட்டிவிட்டேன். படித்தார். ஐந்து பக்கத்தையும், ஒரு வரி விடாமல், வசனம் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி உதட்டை அசைத்துப் படித்தார்.

"போடுங்கப்பா."

பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"உங்க முகத்தை எடுத்து மாட்டினாங்க. அப்புறம் உங்க கதையைத் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுத்தாங்க. இதுக்கும் சும்மா இருந்தா எதுக்குத்தான் பேசுவீங்க? முப்பத்து நாலு வருஷமா 'டேய்'னு கூப்பிட்டவங்களுக்கு ஒரு தடவையாவது பதில் சொல்ல வேண்டாமா? இன்னைக்கு எனக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும். சொல்லுங்க, இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

காகிதத்தை மடித்தார். ஓரத்தை நகத்தால் நீவினார். என் பைக்குள் அவரே வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"நல்லா எழுதியிருக்கேம்மா. இது உங்கிட்டயே இருக்கட்டும். ஃபெலிக்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கொடு. பழனி ரோட்டுல சபாபதியைக் கொன்னவன் வேஷத்துக்கு இன்னும் ஆள் போடலைன்னா, இன்னையிலேர்ந்து நான் தாடி விடறேன்."